சேர்க்கைப் பதிவேடு சொல்லாதது: கல்வியில் பாலினச் சமனின்மையும் பெண்ணியப் பார்வைகளும்

ஒரு நாட்டில் பெண்கல்வியின் நிலையை அறிய முதலில் எடுத்துப் பார்க்கப்படுவது பாலினச் சமநிலைக் குறியீடு. கணக்கு எளிது. பெண்களின் சேர்க்கை விகிதத்தை ஆண்களின் சேர்க்கை விகிதத்தால் வகுத்தால் போதும். பெண்கள் 92 சதவீதம், ஆண்கள் 96 சதவீதம் என்றால் குறியீடு 0.96. இது 0.97க்கும் 1.03க்கும் இடையில் இருந்தால் சமநிலை எட்டப்பட்டதாக யுனெஸ்கோ எடுத்துக்கொள்கிறது.

இந்த எண்ணை மட்டும் நம்புகிறவர் ஏமாறுவதற்கு இடம் நிறைய. இருபாலரிலும் 40 சதவீதம் பேர்தான் பள்ளிக்குப் போகிறார்கள் என்றாலும் குறியீடு 1 என்றே வரும். மொத்தச் சேர்க்கை விகிதத்தைக் கொண்டு கணக்கிட்டால் வேறொரு சிக்கல்: அது வயதைப் பார்ப்பதில்லை. தோற்று அதே வகுப்பில் மறுபடி உட்காருபவர்களும், தாமதமாகச் சேர்ந்தவர்களும் அதில் அடக்கம். பையன்கள் அதிகம் தோற்கும் நாட்டில் ஆண்களின் விகிதம் வீங்கிக் குறியீடு இறங்கும். பெண்பிள்ளைகளை இரண்டு மூன்று வருடம் தாமதமாகச் சேர்க்கும் நாட்டில் அந்தத் தாமதம் குறியீட்டில் தெரியாது, ஆனால் அந்தத் தாமதமே ஒரு பாகுபாடு. அதனால்தான் உரிய வயதினரை மட்டும் எண்ணும் நிகரச் சேர்க்கை விகிதத்தையும், கடைசி வகுப்பை முடித்தவர்களின் விகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பார்கள். பதிவேட்டில் பெயர் இருக்க, ஆள் வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொண்டிருப்பது இவை எதிலும் தெரியாது.

தொடக்க, இடைநிலைக் கல்வியில் பாலின இடைவெளியை 2005க்குள் ஒழிப்பதாக 2000ஆம் ஆண்டு செனகலின் டாக்கர் நகரில் கூடிய உலகக் கல்வி மாநாட்டில் நாடுகள் ஒப்புக்கொண்டன. அந்தக் கெடு தவறிப்போனது. ஆனாலும் தலை எண்ணிக்கையில் இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிட்டது. 2023இல் யுனெஸ்கோ வெளியிட்ட மதிப்பீட்டில் பள்ளிக்கு வெளியே இருந்த பெண்பிள்ளைகள் சுமார் 12.2 கோடி, ஆண்பிள்ளைகள் சுமார் 12.8 கோடி. இதைப் பார்த்துவிட்டு, பிரச்சினை தீர்ந்தது, இனிப் பையன்களைக் கவனிப்போம் என்பவர்கள் உண்டு. பெண்ணிய ஆய்வாளர்கள் இங்கே வேறு கேள்வி கேட்கிறார்கள்: உள்ளே வந்த பிறகு என்ன நடக்கிறது? படித்து வெளியே போன பிறகு என்ன நடக்கிறது?

பெண்ணியம் ஒரே குரலில் பேசுவதில்லை. தாராளவாதம், தீவிரப் பெண்ணியம், மார்க்சியம், கறுப்பினப் பெண்ணியம், பின் அமைப்பியல் என்று பாடநூல்கள் பிரித்து, ஒன்றோடொன்று சண்டையிடும் கட்சிகளாகக் காட்டுவது வழக்கம். அந்தச் சித்திரத்தால் பெரிய பயனில்லை. ஒவ்வொரு போக்கும் பழுதை வேறு வேறு இடத்தில் தேடுகிறது. எங்கே பழுது என்று தவறாகக் கணித்தால், நல்லெண்ணத்தோடு செய்த திட்டமும் பலிக்காமல் போகும். கடந்த ஐம்பது வருடக் கல்விச் சீர்திருத்தங்களில் இதற்குச் சான்றுகள் கிடக்கின்றன.

வாசலைத் திறந்தவர்கள்

தாராளவாதப் பெண்ணியத்தின் வாதம் பழையது, நேரடியானது: பெண்ணுக்கும் பகுத்தறிவு உண்டு, எனவே தடைகளை நீக்கு, மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள். பெண்ணின் கல்வி முழுவதும் ஆணை மகிழ்விப்பதற்கே என்று 1762இல் தத்துவவாதி ரூசோ எழுதினார். 1791இல் பிரெஞ்சு அரசியல்வாதி தாலேரான் தேசிய சபை முன் வைத்த பொதுக்கல்வித் திட்டத்தில் பெண்பிள்ளைகளுக்குச் சிறு வயதுப் பள்ளியோடு சரி, பிறகு வீடுதான். இவர்களுக்குப் பதில் சொல்லத்தான் ஆங்கில எழுத்தாளர் மேரி வோல்ஸ்டன்கிராஃப்ட் 1792இல் தன் வாதங்களை முன்வைத்தார். ஐந்து முதல் ஒன்பது வயது வரை ஏழை, பணக்காரர், ஆண், பெண் எல்லோரும் சேர்ந்து இலவசமாகப் படிக்கும் அரசுப் பகல்நேரப் பள்ளிகளைக் கேட்டார். ஒன்பது வயதுக்குப் பிறகு, உழைத்துப் பிழைக்க வேண்டிய குடும்பத்துப் பிள்ளைகள் காலையில் சேர்ந்து படிக்கட்டும், மதியம் பெண்கள் மட்டும் தையல் கற்கப் போகட்டும் என்றும் அவரே எழுதினார். வாசலைத் திறப்பதில் தீவிரமாக இருந்தவருக்கும் உள்ளே இருந்த வேலைப் பிரிவினை இயல்பாகவே பட்டது. இந்தப் போக்கின் பலமும் எல்லையும் தொடக்கத்திலேயே ஒரே ஆளிடம் தெரிந்துவிட்டன.

அடுத்த நூற்றாண்டில் தடைகள் அறிவியல் வேடம் பூண்டு வந்தன. அதிகம் படித்தால் பெண்களின் இனப்பெருக்க உறுப்புகள் கெடும் என்று 1873இல் ஹார்வர்டு மருத்துவர் எட்வர்டு கிளார்க் எழுதினார். அமெரிக்கப் பெண் பட்டதாரிகளின் சங்கம் தன் உறுப்பினர்களிடமே உடல்நலக் கணக்கெடுப்பு நடத்தியது. 700க்கும் மேற்பட்டோர் தந்த பதில்களை வைத்து, படிப்பால் உடல் கெடவில்லை என்ற முடிவை 1885இல் வெளியிட்டது. 1890இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் பிலிப்பா ஃபாசெட் முதலிடம் பெற்ற ஆணைவிட அதிக மதிப்பெண் வாங்கினார். பட்டம் மட்டும் கிடையாது. அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் தர 1948 ஆயிற்று.

சட்டம் மாறினால் எண்கள் மாறும் என்பதற்கும் சான்று உண்டு. கூட்டாட்சி நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பால் அடிப்படையிலான பாகுபாட்டை அமெரிக்கா 1972இல் தடை செய்தது. அப்போது அங்கே மருத்துவ மாணவர்களில் பெண்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர். 2019இல் பாதியைத் தாண்டினார்கள். வாசல் போராட்டம் முடிந்த கதை என்று அலட்சியமாகச் சொல்லவும் முடியாது. ஆப்கானிஸ்தானில் 2021 செப்டம்பரிலிருந்து பெண்பிள்ளைகளுக்கு இடைநிலைப் பள்ளி மூடப்பட்டது, 2022 டிசம்பரில் பல்கலைக்கழகமும் மூடப்பட்டது. வகுப்பறை எழுதாமலே கற்றுத்தரும் மறைமுகப் பாடத்திட்டம் பற்றிய நுணுக்கமான ஆய்வுக்கு அங்கே வேலையில்லை. வேண்டியது வோல்ஸ்டன்கிராஃப்ட் கேட்ட அதே உரிமை.

வகுப்பறைக்குள்

ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஒரே புத்தகம். இருந்தும் இரண்டு விதமான கல்வி நடக்கலாம் என்பது 1970களில் எழுந்த தீவிரப் பெண்ணியத்தின் குற்றச்சாட்டு. பெண்ணிய ஆய்வாளர் டேல் ஸ்பெண்டர் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து அளந்தார். தன் வகுப்புகளையும் விட்டுவைக்கவில்லை. இருபாலருக்கும் சமமாக நேரம் தர வேண்டுமென்று வேண்டுமென்றே முயன்றும், பத்து வகுப்புகளில் பெண்களுக்குக் கிடைத்தது சராசரியாக 38 சதவீதம், அதிகபட்சம் 42 சதவீதம். அந்த வகுப்புகளின்போது பெண்களுக்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்துவிட்டோம் என்ற உணர்வே அவருக்கு இருந்தது. பையன்களும் அப்படித்தான் முறையிட்டார்கள். எது சமம் என்ற உணர்வே சாய்ந்திருக்கும்போது, பாகுபாடு காட்டாத ஆசிரியர் என்று ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

எண்ணுவதில் பல தவறுகள் நடக்கின்றன. 25 பையன்களும் 15 பெண்களும் உள்ள வகுப்பில் உரையாடலில் 62 சதவீதம் பையன்களுக்குப் போனால் அது பாகுபாடு ஆகாது, அவர்களுடைய எண்ணிக்கைக்கு உரிய பங்குதான். தலைக்கு எத்தனை என்று வகுக்காத கணக்கு செல்லாது. அடுத்து, என்ன வகை என்று பிரிக்க வேண்டும். பையன்களுக்குக் கிடைக்கும் கவனத்தில் பெரும்பகுதி அதட்டலாக இருப்பதுண்டு. மூன்றாவது, ஆள்வாரியாகப் பதிய வேண்டும். 1984இல் ஜேன் ஃபிரெஞ்ச், பீட்டர் ஃபிரெஞ்ச் இருவரும் ஒரு வகுப்பை நுணுகிப் பார்த்தபோது, பேச்சைக் கைப்பற்றியவர்கள் குறிப்பிட்ட சில பையன்கள் மட்டுமே என்று தெரிந்தது. மற்ற பையன்களும் பெண்களைப் போலவே ஓரமாகத்தான் இருந்தார்கள். இது பெண்ணிய வாதத்தைப் பலவீனப்படுத்துவதாக அப்போது சிலர் சொன்னார்கள். வகுப்பில் எந்த மாதிரி ஆண்தன்மைக்கு மேடை கிடைக்கிறது என்ற கேள்வியை அது திறந்துவிட்டது என்பதே சரியான வாசிப்பு.

மறைமுகப் பாடத்திட்டம் என்று கல்வியாளர்கள் சொல்வது இதைத்தான். நேரப்பட்டியல், உட்காரும் இடம், சோதனைக்கூடத்தில் கருவியைக் கையாள்வது யார், குறிப்பெடுப்பது யார், தலைமையாசிரியர் நாற்காலியில் யார், தொடக்க வகுப்பில் யார் என்பதெல்லாம் எழுதப்படாத பாடங்கள். பாடநூல்களில் இருக்கும் சாய்வு இவற்றில் மிக எளிதாகக் கண்ணில் படுவது. படங்களை எண்ணிப் பெயர்களை மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்ற நினைப்பில் பல வாரியங்கள் திருத்தம் செய்கின்றன. கணக்கில் கடன் கொடுப்பவருக்குப் பெண் பெயர் வைத்துவிட்டு, வரலாற்றுப் பாடத்தை அரசர்களும் போர்களுமாகவே விட்டுவிடுவார்கள்.

கூச்சல், கேலி, பாலியல் சீண்டல் ஆகியவற்றையும் கல்விப் பிரச்சினையாக எண்ண வைத்தது இந்தப் போக்குதான். அதற்கு முன் அவை ஒழுங்கு சம்பந்தப்பட்ட சில்லறை விஷயங்கள். தனிப் பெண்கள் பள்ளியே நல்லது என்று இவர்களில் சிலர் வாதிட்டார்கள். இங்கிலாந்தில் 2011ஆம் ஆண்டு நிலவரப்படி, அரசு நிதி பெறும் இருபாலர் பள்ளிகளில் 49 சதவீதத்திலிருந்து ஒரு பெண்கூட மேல்நிலை இயற்பியலுக்குப் போகவில்லை என்று அந்நாட்டு இயற்பியல் கழகம் கண்டது. பெண்கள் பள்ளியில் படித்தவர்கள் அதை எடுக்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ஆனால் எந்தக் குடும்பங்கள் பெண்கள் பள்ளியைத் தேர்ந்தெடுக்கின்றன என்பதும் இந்த எண்ணுக்குள் கலந்திருக்கிறது. பள்ளியைப் பிரித்தாலே போதும் என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

யாரைக் கெட்டிக்காரர் என்கிறோம்

இதே இயற்பியல் விஷயத்தில் ஒரு பழைய முயற்சியைப் பார்க்கலாம். 1979 முதல் 1983 வரை மான்செஸ்டர் பகுதியில் ஆலிசன் கெல்லி முதலியோர் பத்துப் பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். எட்டில் சிறப்பு முயற்சிகள், இரண்டு ஒப்பீட்டுக்கு. பெண் விஞ்ஞானிகளைப் பள்ளிக்கு அழைத்துவந்தார்கள், ஆசிரியர்களோடு கூடிப் பேசினார்கள், பாடப்பொருளை மாற்றிப் பார்த்தார்கள். பெண்பிள்ளைகளின் மனப்பான்மை ஓரளவு மாறியது. பாடத் தேர்வு மிகக் கொஞ்சமே மாறியது. ஆசிரியர்கள் பலரும், நாங்கள் எப்போதும் சமமாகத்தான் நடத்துகிறோம் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். பெண்களுக்கு ஆர்வம் போதவில்லை என்று கணித்து ஆர்வத்தை ஊட்டினால், இயற்பியல் பாடமும் அதைச் சுற்றியுள்ள சூழலும் அப்படியே இருந்துவிடும்.

பேச்சும் சொல்லும் ஆளை எப்படி வரையறுக்கின்றன என்று பார்க்கும் பின் அமைப்பியல் சார்ந்த பெண்ணியம் கை வைத்தது அந்தச் சூழலில்தான். வாலரி வாக்கர்டைன் 1980களில் கணித வகுப்புகளை ஆராய்ந்தபோது விசித்திரமான ஒரு பேச்சு முறையைக் கண்டார். நன்றாகச் செய்யும் பெண்ணைப் பற்றி ஆசிரியர்கள், பாவம், கஷ்டப்பட்டு உழைக்கிறாள் என்றார்கள். மோசமாகச் செய்யும் பையனைப் பற்றி, தலையில் சரக்கு இருக்கிறது, மனசு வைப்பதில்லை என்றார்கள். அவளுடைய வெற்றியும் அவளுக்கு எதிரான சாட்சி, அவனுடைய தோல்வியும் அவனுக்கு ஆதரவான சாட்சி. மதிப்பெண் இடைவெளியை மூடினாலும் இந்தப் பேச்சு மூடாது. உயர்கல்வியில் இதன் தொடர்ச்சியைக் காணலாம். எந்தத் துறைகளில் வெற்றிக்குப் பிறவி மேதைமை தேவை என்று அத்துறையினரே நம்புகிறார்களோ, அங்கே முனைவர் பட்டம் பெறும் பெண்கள் குறைவு என்று சாரா-ஜேன் லெஸ்லி, ஆண்ட்ரெய் சிம்பியன் குழு 2015இல் காட்டியது. தத்துவமும் இயற்பியலும் இந்த வரிசையில் ஒன்றாக நிற்பதைக் கவனிக்க வேண்டும். அறிவியல்தான் பெண்களுக்குப் பிடிக்கவில்லை என்ற விளக்கம் தத்துவத்துக்குப் பொருந்தாது. மிக, மிகக் கெட்டிக்காரர் என்ற விவரிப்பைத் தன் பாலினத்தோடு பொருத்திப் பார்ப்பது பெண்பிள்ளைகளிடம் ஆறு வயதிலேயே குறையத் தொடங்குகிறது என்று 2017இல் வந்த அமெரிக்க ஆய்வு சொல்கிறது. பதினாறு வயதில் பாடத் தேர்வின்போது நடத்தும் ஆலோசனைக் கூட்டத்துக்குப் பத்து வருடம் முன்பே வேலை நடந்துவிடுகிறது.

வீட்டு வேலை, கூலி வேலை

மார்க்சிய, சோசலிசப் பெண்ணியவாதிகளுக்கு வகுப்பறை நடுவில் இருக்கும் ஒரு இடம்தான். அதன் இரு பக்கமும் உழைப்பு இருக்கிறது. பள்ளிக்கு முன்னும் பின்னும் சம்பளமில்லாத வீட்டு வேலை, படிப்பு முடிந்த பின் சம்பளம் குறைந்த வேலை. 5 முதல் 14 வயது வரையுள்ள பெண்பிள்ளைகள் உலகெங்கும் ஒரு நாளில் வீட்டு வேலைக்குச் செலவிடும் நேரம் 55 கோடி மணி என்று யுனிசெஃப் 2016இல் கணக்கிட்டது. அதே வயதுப் பையன்களைவிட 16 கோடி மணி அதிகம். சம்பளமில்லாப் பராமரிப்பு உழைப்பில் 76.2 சதவீதத்தைப் பெண்கள் சுமப்பதாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் சொன்னது. கல்வி உதவித்தொகை கட்டணத்தை ஈடுகட்டும், மாலையில் தண்ணீர் எடுக்கும் இரண்டு மணி நேரத்தை ஈடுகட்டாது. வீட்டுப்பாடத்தை அதிகமாக்கி மதிப்பெண்ணுக்கு அதை எண்ணிக்கொள்ளும் பள்ளி, தெரிந்தோ தெரியாமலோ அந்த இரண்டு மணி நேரத்துக்கு மதிப்பெண் குறைக்கிறது.

வெளியே போகும் பக்கத்தில் இன்னும் கசப்பான உண்மை. நல்ல படிப்பு நல்ல சம்பளம் தரும் என்பது பொதுவாகச் சரி. ஆனால் ஒரு தொழிலில் பெண்கள் பெருகினால் அந்தத் தொழிலின் ஊதியமே சரியும் போக்கை, 1950 முதல் 2000 வரையிலான அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தரவுகளை வைத்து லெவனான், பௌலா இங்லண்ட், ஆலிசன் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 2009இல் காட்டினார்கள். கல்வித் தகுதி, திறன் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தப் போக்கு நின்றது. பெண்களை ‘நல்ல’ துறைகளுக்குத் தள்ளினால் போதும் என்ற தாராளவாதத் திட்டம் மோதி நிற்கும் சுவர் இது. தொழிற்பயிற்சி நிலையங்களில் அழகுக்கலை, குழந்தைப் பராமரிப்பு ஒரு பக்கம், மின்பணி, இயந்திரப்பணி மறுபக்கம் என்று பிரிவதில் இருவரின் பயிற்சிக் காலமும் ஒன்றாக இருக்கலாம். சம்பளம் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

எந்தப் பெண்?

1855இல் ‘ஞானோதயா’ இதழில் முக்தா சால்வே என்ற சிறுமியின் கட்டுரை வெளியானது. மாங் சாதியில் பிறந்தவர், புனேயில் சாவித்ரிபாய், ஜோதிராவ் புலே இணையர் நடத்திய பள்ளியில் படித்தவர். மகர், மாங் மக்களின் துயரத்தைத் தன் சமூகத்துப் பெண்களின் துயரத்தோடு சேர்த்தே அவர் எழுதினார். அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் இனமும் பாலினமும் ஒரே ஆள்மேல் குறுக்கே வெட்டிச் செல்வதற்குப் பெயர் சூட்டுவதற்கு நூறு வருடங்களுக்கு முன்பே இந்தப் பார்வை ஒரு பள்ளி மாணவியிடம் இருந்தது.

பெண்களின் சராசரி என்பது யாரையும் காட்டாது என்பதே கறுப்பினப் பெண்ணியமும் தலித் பெண்ணியமும் எழுப்பும் ஆட்சேபம். 1992இல் ஹெய்டி மிர்சா லண்டன் பள்ளிகளில் படித்த கறுப்பின மாணவியரைப் பற்றி எழுதியபோது, அவர்களுக்கு இலட்சியமோ தன்னம்பிக்கையோ குறைவில்லை என்று காட்டினார். ஆசிரியர்களின் எதிர்பார்ப்பும் அவர்கள் தந்த ஆலோசனையும்தான் குறைவாக இருந்தன. தன்னம்பிக்கைப் பயிற்சி அங்கே தேவையற்ற மருந்து. நடைமுறைக்கு இது தரும் பாடம் தெளிவானது: பாலினவாரியாகப் பிரித்த அட்டவணையை வருமானம், சாதி அல்லது இனம், வாழிடம், மாற்றுத்திறன் என்று மறுபடி பிரிக்காமல் வெளியிடக் கூடாது. பிரிக்கும்போது ஒரு கட்டத்துக்குள் பத்துப் பேருக்கும் குறைவாக வந்தால் சதவீதம் போடாமல் எண்ணிக்கையாகவே விட வேண்டும்.

பையன்கள் பின்தங்குகிறார்களே

வாசிப்பில் பெண்கள் ஏறத்தாழ எல்லா நாடுகளிலும் முந்துகிறார்கள். உலக அளவில் உயர்கல்விச் சேர்க்கையிலும் பெண்களே அதிகம். மதிப்பெண் இடுவதிலும் சாய்வு எப்போதும் ஒரே பக்கம் இருப்பதில்லை. இஸ்ரேலில் பெயர் தெரிந்து ஆசிரியர் திருத்திய மதிப்பெண்ணையும், பெயர் தெரியாமல் வெளியாள் திருத்திய மதிப்பெண்ணையும் விக்டர் லாவி 2008இல் ஒப்பிட்டபோது, பள்ளி மதிப்பெண் பையன்களுக்கு எதிராகச் சாய்ந்திருந்தது. அவரே எடித் சாண்டுடன் 2018இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்க வகுப்பில் கணிதத்தில் பையன்களை உயர்த்தி மதிப்பிட்ட ஆசிரியர்களிடம் படித்த பெண்கள் பிற்பாடு உயர்கணிதத்தை எடுப்பது குறைந்திருந்தது. இரண்டு முடிவுகளும் உண்மையாக இருக்க முடியும். பெண்ணிய வாதம் செய்பவர்கள் முதல் முடிவை மறைப்பது தவறு, தேவையும் இல்லை. படிப்பது பெண்தனம், வாசிப்பது பெண்தனம் என்று பையன்கள் விலகுவதற்குக் காரணமான, எந்த ஆண்தன்மை உயர்ந்தது எது தாழ்ந்தது என்ற வரிசைமுறையைச் சமூகவியலாளர் ரேவின் கானல் முதலியோர் விளக்கியிருக்கிறார்கள். பெண்களைக் கணிதத்திலிருந்து தள்ளுவதும் பையன்களைக் கதைப்புத்தகத்திலிருந்து தள்ளுவதும் ஒரே இயந்திரம். படிப்பில் பின்தங்கும் பையன்கள் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பையன்கள் என்பதையும், அவர்களைக் காட்டிப் பெண்களுக்கான நிதியைக் குறைப்பது அவர்களுக்கும் உதவாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எது பலிக்கிறது, எங்கே தவறுகிறது

பீகாரில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த மாணவியருக்கு மிதிவண்டி தந்த திட்டத்தை முரளிதரன், பிரகாஷ் இருவரும் ஆராய்ந்தார்கள். அந்த வயதுப் பெண்களின் சேர்க்கை 32 சதவீதம் உயர்ந்தது, பாலின இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. அங்கே பழுது தொலைவில் இருந்தது, மருந்தும் தொலைவுக்கே தரப்பட்டது. நேபாளத்தில் மாதவிடாய்க் கோப்பை வழங்கி ஆஸ்டரும் தார்ன்டனும் செய்த சோதனையில் வருகை அநேகமாக மாறவில்லை. அந்தப் பள்ளிகளில் மாதவிடாயால் வராமல் இருந்த நாட்கள் முதலிலேயே மிகக் குறைவு. மாணவியர் கோப்பையை விரும்பிப் பயன்படுத்தினார்கள், துணி துவைக்கும் நேரம் மிச்சமானது. வருகையை மட்டும் அளந்தவருக்கு அது தோல்வி. கழிப்பறை விஷயத்தில் வயது முக்கியம்: சிறு பிள்ளைகளுக்கு எந்தக் கழிப்பறை இருந்தாலும் சேர்க்கை கூடியது, பூப்பெய்தும் வயதினருக்குத் தனிக் கழிப்பறை இருந்தால்தான் கூடியது என்று அஞ்சலி அடுக்கியா இந்தியத் தரவுகளில் கண்டார்.

ஒரு பள்ளி தன்னையே அளந்து பார்க்க நினைத்தால் நேரப்பட்டியலிலிருந்து தொடங்கலாம். இயற்பியல் செய்முறையும் மனையியலும் ஒரே பாடவேளையில் இருந்தால், விருப்பப் பாடம் என்பது பெயரளவில்தான். அடுத்து வகுப்பறை. இருக்கை வரைபடத்தோடு இருவர் பின்னால் உட்கார்ந்து, யார் கேட்டது, யாரைக் கேட்டது, ஒரு சொல் பதிலா விளக்கமா, பாராட்டா அதட்டலா என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும். முதல் இரண்டு வகுப்புகளின் கணக்கைத் தள்ளிவிட வேண்டும், ஆசிரியர் கவனமாக நடந்துகொள்வார். கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதையும் நொடியில் பதியலாம். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ கண்டார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது, பேசாதவர்களும் பேசத் தொடங்கினார்கள். கை தூக்கியவரை மட்டும் கேட்பதை விட்டுப் பெயர்ச் சீட்டு எடுத்துக் கேட்பதும் இதற்கு உதவும். பள்ளித் தேர்வு மதிப்பெண்ணையும் பெயர் மறைத்துத் திருத்திய மதிப்பெண்ணையும் ஒப்பிடும்போது, ஒரே வகுப்பின் ஒரு தேர்வை வைத்து ஆசிரியர் மேல் குற்றம் சாட்டக் கூடாது. முப்பது பேர் கொண்ட வகுப்பில் இரண்டு மூன்று மதிப்பெண் வித்தியாசம் தற்செயலாகவே வரும். பல வகுப்புகளை, பல பருவங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவற்றுக்குப் பிறகு மாற்றம் செய்தால், அதே அளவீட்டை அதே படிவத்தில் மூன்று வருடம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும். ஆறாம் வகுப்பில் இருந்தவர்கள் அப்போதுதான் பாடப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும் வயதை நெருங்கியிருப்பார்கள்.